மாமனுக்கு விட்ட வழி

வீரணன் மாமனார் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவன் மாமியார் மாடத்தி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கதவோரமாக ஒதுங்கி நிற்பாள். மருமகனுக்கு ராஜபாளையத்தில் எந்த மாமியாரும் செய்கிற மரியாதைதான். வீரணனுக்கு அது முள்ளாகக் குத்தும். ஐந்து வருஷமாகக் குத்திக்கொண்டிருக்கிறது. "நீங்க போங்க அத்தை" என்று அவனும் ஒதுங்கிப் பார்த்தான். அவள் விடமாட்டாள். இவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக நின்றுகொண்டு, வாசல் காலியாகக் கிடந்த கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. அவன் மனைவி அய்யம்மாள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வீரணனுக்கு மட்டும் சிரிப்பு வராது.

அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. தொண்ணூற்றொன்றாம் வருஷம், தை மாதம். அய்யம்மாளின் தம்பி சேதுபதிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பூ வைக்கிற நாள். எல்லாரும் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பி நிற்கையில், வீரணன் துறைமுகத்திலிருந்து லீவு போட்டு வந்து சேர்ந்தான். மாடத்தி ஒதுங்கினாள். "வாங்க மாப்பிள்ளை. மாமா இருந்து செய்ய வேண்டிய காரியம். நீங்கதான் முன்ன நிக்கணும்" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

மாமா என்றால் உக்கிரபாண்டி. வீரணனின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி, அய்யம்மாளைக் கொடுத்த மாமனார், இரண்டும் அவர்தான். ராஜபாளையத்துக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கலாம். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்புகிற தெரு, அவரைக் கப்பல்படைக்கு அனுப்பியது. பதினைந்து வருஷம் இருந்து வெளியே வந்தவர், ஒரு துறைமுகத்தில் டக் ஓட்டுகிற சாரங்காகச் சேர்ந்தார். டக் என்பது பெரிய கப்பல்களை இழுத்துக் கட்டுகிற முரட்டுப் படகு. அக்காள் மகனையும் கூட்டிப்போய்ப் பரீட்சை எழுத வைத்து, ஆட்களை ஏற்றி இறக்குகிற லாஞ்ச் ஒன்றில் உட்கார்த்தினார். அப்புறம் மகளையும் கொடுத்தார். தெருவில் மாமா எதிரே வந்தால் வீரணன் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. மாமன் நடக்கையில் மருமகன் ஏறி மிதித்துக்கொண்டு போவதாவது!

ஆனால் கடலுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. அங்கே சட்டம் வேறு. இரண்டு படகு குறுக்கே சந்திக்கிற மாதிரி வந்தால், எவன் மற்றவனைத் தன் வலது கைப்பக்கம் பார்க்கிறானோ அவன்தான் ஒதுங்க வேண்டும். வலப்பக்கமாகத் திரும்பி, மற்றவனின் பின்னால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மற்றவன் வேகத்தையும் மாற்றக்கூடாது, போகிற திசையையும் மாற்றக்கூடாது. நேரே வர வேண்டும். அதை உரிமை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினால் தப்பு, அது கடமை. நீ நேரே வருவாய் என்று நம்பித்தான் அவன் ஒதுங்குகிறான். அவன் ஒதுங்கவே போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் நீ படகைத் திருப்புகிற சக்கரத்தில் கைவைக்கலாம். அப்போதும் உன் இடது கைப்பக்கம் வருகிறவனை நோக்கி இடப்பக்கம் திருப்பவே கூடாது.

எண்பத்தாறில் ஒருநாள் காலை வீரணனின் லாஞ்ச் வெளியே போகிறது. அவனுக்கு இடது கைப்பக்கத்திலிருந்து மாமாவின் டக் குறுக்கே வருகிறது. சட்டப்படி வீரணன் நேரே போனான். சட்டப்படி மாமா ஒதுங்கினார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். துறைமுக வாசலில் டீக்கடை ஒன்று இருந்து தொலைத்ததே! "மாமனையே ஒதுங்க வச்சுட்டான்யா மருமகன்! பொண்ணையும் கொடுத்து வழியையும் கொடுக்காரு மனுசன்!" என்று ஒருத்தன் ஆரம்பிக்க, பெஞ்சு முழுக்கச் சிரித்தது. உக்கிரபாண்டியும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். "கடல்ல ஏதுலே மாமனும் மருமகனும்? எனக்கு வலப்பக்கம் வந்தான், ஒதுங்கினேன். அம்புட்டுத்தான்" என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

மருமகனுக்குத்தான் காது சுட்டது. சரி, வீட்டுக்குப் போய் மறந்துவிடலாம் என்று போனால், பேச்சு அவனுக்கு முன்னாலேயே குவார்ட்டர்சுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அய்யம்மாள் தட்டை வைத்துக்கொண்டே, "எங்கய்யாவ ஒதுங்க வச்சுட்டு வந்து சோறு கேக்கியளாக்கும்?" என்றாள். வாய் கொள்ளாத சிரிப்போடுதான் சொன்னாள். கல்யாணமாகி இரண்டு வருஷம், புருஷனைச் சீண்டுவதற்கு அவளுக்குக் காரணமே வேண்டியதில்லை. வீரணனும் சிரித்துவைத்தான். சோறு மட்டும் இறங்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர்மேல் லேசாக மஞ்சு படிந்திருந்தது. கண்ணை மறைக்கிற அளவுக்கு இல்லை. அதே இடப்பக்கத்திலிருந்து அதே டக். இன்றைக்கும் மாமாவை ஒதுங்க வைக்க வேண்டுமா என்று அவனுக்குத் தோன்றிற்று. தூரம் நிறைய இருந்தது. நாம் இடப்பக்கம் வளைந்து அவருக்குப் பின்னால் போய்விட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினான். சைக்கிளை விட்டு இறங்குவது போலத்தான் அதைச் செய்தான். அதே கணம் டக்கிலிருந்து ஹாரன் ஒரே ஒரு முறை ஒலித்தது. ஒரு முறை அடித்தால் வலப்பக்கம் திரும்புகிறேன் என்று அர்த்தம். மாமா அதற்குள் அவனுக்குப் பின்னால் போகத் திரும்பிக்கொண்டிருந்தார்.

சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்து ஒரே பக்கமாக ஒதுங்கினால் முட்டிக்கொள்கிற மாதிரி நின்று சிரிப்பார்கள். ஓடுகிற படகுக்கு அப்படி நிற்கத் தெரியாது. வீரணன் பதறிப்போய் இன்னும் இடப்பக்கம் ஒடித்தான். உக்கிரபாண்டி என்ஜினைப் பின்னுக்குப் போட்டுவிட்டு, சக்கர அறையின் இடப்பக்கக் கதவு வழியே வெளியே ஓடிவந்தார். கையை முன்னால் வீசி வீசி, "நேரே போ! நேரே போலே!" என்று காட்டினார். லாஞ்சின் மூக்கு சரியாக அந்தக் கதவுப் பக்கம்தான் போய் மோதியது. தலையில் அடிபட்டுத் தண்ணீரில் விழுந்தவரை எடுக்கும்போது உயிர் இல்லை.

அந்தக் கை வீச்சைப் பார்த்த ஆள் உலகத்தில் வீரணன் ஒருத்தன்தான். லாஞ்சில் அப்போது வேறு யாரும் ஏறியிருக்கவில்லை; இரண்டு படகிலும் என்ஜின் ஆட்கள் கீழே இருந்தார்கள். டக்கின் ஆட்கள் பின்பக்கம் வடம் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தது கேட்டது, எப்போது அடித்தது என்று சொல்லத் தெரியவில்லை என்றார்கள்.

விசாரணை நடந்தது. கேட்ட அதிகாரி நல்ல மனுஷர்; மாமனைப் பறிகொடுத்த பையன் என்று இரக்கப்பட்டு, "நீ நேரே தானேப்பா வந்தே?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டார். வீரணன் தலையை ஆட்டினான். "ஹாரன் எப்போ கேட்டுது?" "கடைசியில சார்." தீர்ந்தது. ஒதுங்க வேண்டியவர் ஒதுங்கவில்லை, கடைசி நேரத்தில் தாறுமாறாகத் திருப்பிவிட்டார் என்று எழுதினார்கள். அவர் ஏன் அறையை விட்டு வெளியே வந்தார் என்பதற்கும் ஒரு காரணம் வேண்டுமே! கண்ணாடி வழியாகச் சரியாகத் தெரிந்திருக்காது, பார்வை மங்கியிருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். ஒரு வருஷம் போனதும் அந்த டக்கையே வீரணன் கையில் கொடுத்தார்கள். மாமா பிடித்த சக்கரத்தைப் பிடித்துத்தான் இன்றைக்கும் சம்பாதிக்கிறான்.

முதலில் பயத்தில்தான் வாயைத் திறக்கவில்லை. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஜெயில், வேலை, ஊர்ப்பேச்சு எல்லாப் பயமும்தான். பயம் கொஞ்சம் தணிந்த பிறகு இன்னொன்று வந்து குறுக்கே நின்றது. ஏன் திருப்பினாய் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால், தட்டை வைத்துக்கொண்டே தான் சொன்னது அய்யம்மாளுக்கு ஞாபகம் வந்துவிடும். தகப்பனைத் தன் வாயே கொன்றது என்று அவள் நினைத்துவிட்டால்? அதனால் மென்று முழுங்கிக்கொண்டே இருந்தான். ராஜபாளையம் வந்தால் மில் சங்கு ஊதுகிற ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தூக்கிவாரிப்போடும். அந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை சங்கு!

மடவார் வளாகத்தில் பெண் வீட்டுக்காரர்கள் நன்றாகத்தான் வரவேற்றார்கள். கோயில் கோபுரம் தெரிகிற தெருவில் வீடு. முன்னறையில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் தட்டுகள் வைத்திருந்தார்கள். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, எலுமிச்சம்பழம், பூ எல்லாம் நிறைந்திருந்தன. பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. பெரியப்பா சங்கையாதான் எல்லாம். ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், மீசை மட்டும் இன்னும் டியூட்டியில் இருந்தது. காப்பி குடித்து முடித்ததும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாடத்தியைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்கு மாலைக்கண்ணுன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. அதுலதான் படகை மோத விட்டாருன்னு சொல்லுதாவ. அது வம்சத்துல வாரதுல்லா? எங்களுக்கும் பொண்ணு ஒண்ணுதான்."

ஒரு வரி ஐந்து வருஷம் ஊர் சுற்றி மாலைக்கண்ணாக வந்து நின்றது. மாடத்தி முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள். சேதுபதிதான் எழுந்தான். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். என்ன செய்யணும், சொல்லுங்க" என்றான்.

ஏட்டையா அவனை வாசலுக்குக் கூட்டிப்போனார். தெருக்கோடியில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. "அந்தா, போர்டுல என்ன ஊரு போட்டிருக்கு?" "வத்திராயிருப்பு." சரியாகத்தான் சொன்னான். ஏட்டையா மீசையைத் தடவினார். "வெளிச்சம் இருக்குல்லா. செத்த நேரம் போகட்டும். நல்லா இருட்டட்டும். பொறவு பாப்போம். ஏட்டி, யாரும் லைட்டைப் போட்டுறாதீய" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஆக, இருட்டுவதற்காக எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு காத்திருப்பை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பூ வைக்க வந்த இடத்தில், விளக்குப் போடாத வீட்டில், மாப்பிள்ளைப் பையன் குருடனா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பொழுது சாய்வதைப் பார்த்துக்கொண்டு பதினைந்து பேர். கோபுரத்தின் மேல் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மாடத்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டது அரையிருட்டிலும் வீரணனுக்குத் தெரிந்தது. சேதுபதி சுவரில் சாய்ந்து, திருட்டுக்குப் பிடித்துவைத்த ஆள் மாதிரி நின்றான்.

பையன் பாஸ் பண்ணிவிடுவான், பூ வைத்துவிடுவார்கள், பேசாமல் இரு என்று வீரணனின் மனது சொன்னது. ஐந்து வருஷமாக அது அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த கணம் அவன் கை தட்டுக்குப் போய் எலுமிச்சம்பழம் ஒன்றையும் பாக்கு ஒன்றையும் எடுத்தது. மாற்றாத தட்டில் கைவைப்பதா என்று பெண்கள் பக்கம் ஒருத்தி "ஐயையோ!" என்றாள்.

"அவனைச் சோதிக்காதீய" என்றான் வீரணன். "எங்க மாமாவுக்குக் கண்ணுல ஒரு கோளாறும் கிடையாது. இந்தா, இது அவிய டக்கு. இந்தப் பாக்கு நான். நான் அவியளுக்கு வலப்பக்கம். அவிய ஒதுங்கணும், நான் நேரே போணும். அதான் சட்டம்." பழத்தை ஜமுக்காளத்தில் வலப்பக்கம் வளைத்தான். "அவிய தூரத்துலயே என்னையப் பாத்தாவ. ஹாரன் அடிச்சாவ. சட்டப்படி ஒதுங்கினாவ. நாந்தான் நேரே போகல." பாக்கை இடப்பக்கம் தள்ளினான். அது பழத்தில் முட்டி நின்றது. "நான் இப்படித் திருப்பினேன்."

ஏட்டையாவின் குரல் மாறியது. அது ஸ்டேஷன் குரல்.

"விசாரணையில என்ன சொன்னீரு?"

"நேரே வந்தேன்னு."

"அவரு ஏன் வெளிய வந்தாரு?"

"நேரே போலேன்னு எனக்குக் கையக் காட்ட வந்தாவ. சாகுறதுக்கு முந்தி கடைசியா அதைத்தான் செஞ்சாவ. கண்ணு தெரியாதவரு செய்யுத காரியமா அது?"

"நீரு ஏன்யா திருப்பினீரு?"

வீரணன் அய்யம்மாள் இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான். "முன்னால ஒருதரம் மாமா எனக்கு ஒதுங்கினாவ. டீக்கடையில எல்லாரும் கேலி பேசுனாவ. மாமனுக்கு வழி விடணும்னு நெனச்சேன்" என்றான். "நாளைக்கே துறைமுகத்துக்கு எழுதிக் கொடுத்துருதேன். வேலை போனாலும் போகட்டும், உள்ள வச்சாலும் வைக்கட்டும்."

சங்கையா ஏட்டு நிறைய நேரம் அந்தப் பழத்தையும் பாக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். நெருங்கிப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு இருட்டிவிட்டது. "லைட்டைப் போடுங்க" என்றார் கடைசியில். வெளிச்சம் வந்ததும் மாடத்தியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "தங்கச்சி, ஒரு நல்ல மனுசனைப் பத்தித் தப்பாக் கேட்டுட்டேன். பூவ வைப்போம்." வீரணனிடம் மட்டும், "எழுதுததை இன்னைக்கே எழுதும். நாளைக்குன்னா உமக்கு மனசு மாறும்" என்றார்.

பூ வைத்தார்கள். பெண் வந்து எல்லாருக்கும் விழுந்து கும்பிட்டாள். பால்கோவா வந்தது. வீரணன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவனோடு யாரும் பேசவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தும் சேதுபதி அவன் பக்கத்தில் உட்காராமல், ராஜபாளையம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாடத்தியின் பின்னந்தலை பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஆடியதைத் தவிர அசையவே இல்லை. அவள் அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தவன் வீரணன்தான். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். மாடத்தி படியேறி வந்தாள். முந்தானையை இழுக்கவில்லை. ஒதுங்கவில்லை. அவன் அங்கே நிற்பதையே அறியாதவள் போல நேரே உள்ளே போனாள். அவளுடைய சேலை அவன் கையில் உரசிக்கொண்டு போயிற்று. ஐந்து வருஷமாக அவன் எதற்காக ஏங்கினானோ அது நடந்துவிட்டது. அது இப்படி வலிக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

சேதுபதி போனான். கடைசியாக வந்த அய்யம்மாள் போகவில்லை. வாசலில் அவன் எதிரே நின்றாள்.

"டீக்கடையில பேசுனதுக்கு மட்டுந்தான் திருப்புனீயளா?"

'ஆமாம்' என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். அவள் காலத்துக்கும் நிம்மதியாக இருப்பாள். சொல்லத்தான் வாயெடுத்தான். மஞ்சுக்குள் வீசிக்கொண்டிருந்த அந்தக் கை அவன் கண்முன் வந்து நின்றது.

"இல்ல" என்றான். "நீ சொன்னதும் இருந்துச்சு. ஆனா சக்கரத்தைத் திருப்புனது என் கை அய்யம்மா. உன் பேச்சு இல்ல."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். "சிரிச்சுக்கிட்டுத்தான சொன்னேன்" என்றாள்.

"ஆமா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னே."

அதற்கப்புறம் அவள் அழுதாள். தகப்பனைக் கொண்டுவந்து கிடத்திய அன்றைக்கு எப்படி அழுதாளோ அப்படி அழுதாள். எட்டு மணி மில் சங்கு ஊதி ஓய்ந்தது. வீரணன் அவளைத் தொடவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றான். அழுது முடித்தவள் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் சேதுபதியின் கோடு போட்ட நோட்டும் பேனாவும் இருந்தன. அவன் கையில் கொடுத்தாள்.

"எழுதுங்க" என்றாள். "எங்கய்யா கை காட்டுனதை விட்டுறாதீய. நான் சொன்னதையும் எழுதுங்க. விட்டுட்டு எழுதுனா நான் கிழிச்சுப் போடுவேன்."

வீரணன் படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். தேதி போட்டான். கீழே, 'நான் நேரே வரவில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போனான்.